சாட்சிக்கட்டை

அடுப்பில் பால் பொங்குவதற்குள் இரண்டு கட்டைகளையும் நிறுத்துவிடலாம் என்று கிட்டார்க்காரம்மா தினமும் காலையில் நினைக்கிறார். தினமும் பால் பொங்கி வழிகிறது. சமையல் மேடையில், மாவு நிறுக்க வாங்கிய தட்டையான எடை மெஷின். அதன்மேல் முதலில் சிவப்பு மங்கிப்போன பழைய கட்டை ஒன்றைக் குறுக்கே வைக்கிறார். ஒரு முழ நீளம், நான்கு விரல் அகலம், விரல் தடிமன். முந்நூற்று எண்பத்தொரு கிராம். தலையை ஆட்டிவிட்டு அதை எடுக்கிறார். பிறகு அதே அளவில் இருக்கும் வெளிர்பழுப்புப் பலகையை வைக்கிறார். நானூற்றுப் பத்தொன்பது. நேற்று நானூற்று இருபத்திரண்டு. காதில் செருகிய பென்சிலை எடுத்துப் பலகையின் ஓரத்தில் எண்ணை எழுதும்போது உதடு ஒரு பக்கமாகக் கோணுகிறது.

"இன்னும் தண்ணி விட்டுக்கிட்டுதான் இருக்கு" என்கிறார், அணைந்துபோன அடுப்பைப் பார்த்து.

அன்று புதன்கிழமை. சனிக்கிழமை நாலு மணிக்கு மாஸ்டர் வருகிறார்.

ஈரம் இருக்கும் மரம் நாளுக்கு நாள் எடை குறையும். எடை நின்றால்தான் மரம் நின்றது என்று அர்த்தம். கிட்டாரின் கழுத்து மேல் ஒரு பலகை ஒட்டுகிறார்களே, விரல்கள் ஓடுவது அதன்மேல்தான். அதை ஈர மரத்தில் செய்துவிட்டால் ஆறே மாதத்தில் பலகை சுருங்கும். அதில் அடித்து இறக்கிய பித்தளைக் கம்பிகள் சுருங்காது. அவற்றின் முனைகள் இரண்டு ஓரத்திலும் மீன் முள்ளாய் நீட்டிக்கொண்டு வாசிப்பவர் கையைக் கீறும். அதனால்தான் இந்தக் காலை நேர நிறுவை. பழைய கட்டை எதற்கு என்று கேட்டால், "மெஷினே பொய் சொன்னா?" என்று திருப்பிக் கேட்பார். பேட்டரி இறங்கினால் எடை மெஷின் தன் இஷ்டத்துக்கு எண் காட்டும். அதனால் எடை மாறாத ஒரு கட்டையை முதலில் வைத்துப் பார்த்து, மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று தெரிந்துகொண்டுதான் அடுத்தது. மழைக்காலத்தில் ஒரு கிராம் ஏறும், கோடையில் ஒரு கிராம் இறங்கும். அதற்கு மேல் அந்தக் கட்டை ஒன்பது வருஷமாக அசைந்ததில்லை. அதற்கு அவர் வைத்திருக்கும் பேர் சாட்சி. அதன் நான்கு பக்கமும் பென்சில் எண்கள், எறும்பு ஊர்ந்த மாதிரி.

"மரத்தை வெயிட் போட்டுப் பாத்ததுல பாதி நாள் என்னைப் போட்டுப் பாத்திருந்தா நான் இளைச்சிருப்பேன்" என்பார் அவருடைய கணவர். பஸ் ஓட்டுகிறவர். ஸ்டியரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் வயிற்றுக்கென்று தனியாக இடம் விட்டிருப்பவர்.

கிட்டார்க்காரம்மாவுக்கு ஐம்பத்திரண்டு வயது. பகலில் கதவு செய்யும் கம்பெனியில் கீல் பொருத்துகிறார். ஒன்பது விரல் நகங்களையும் ஒட்ட வெட்டியிருப்பார். வலது கட்டைவிரல் நகம் மட்டும் நீளம். மரத்தில் அதை அழுத்திப் பார்ப்பதற்காக. தடம் பதிந்தால் மெத்து, பதியாவிட்டால் கெட்டி. எந்த வீட்டுக்குப் போனாலும் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார். ஒருமுறை நாத்தனார் வீட்டில் புதிதாக வந்திறங்கிய கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள ஒண்ணுமே இல்லையே" என்று சொல்லிவிட்டார். கட்டிலைத்தான் சொன்னார். அதற்கப்புறம் இரண்டு வருஷம் அந்த வீட்டிலிருந்து போன் வரவில்லை.

முன்பு துணி துவைக்க இருந்த பின்னறைதான் பட்டறை. குழாய் இருந்த இடத்தில் இப்போது ரம்பங்கள் தொங்குகின்றன. பதினொரு கிட்டார்கள் அந்த அறையிலிருந்து வெளியே போயிருக்கின்றன. ஒன்று அவருடைய அண்ணன் வீட்டுக் கூடத்தில், போட்டோவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. ஒன்றைத் தெருவில் ஒருவர் வாங்கி, மகன் படிப்பை விட்டுவிடுவானோ என்று பயந்து பரணில் ஏற்றிவிட்டார். மற்றவையும் ஏறக்குறைய அப்படித்தான். வாசிக்கத் தெரிந்த கை ஒன்று இவருடைய கிட்டாரை வாசித்து இவர் கேட்டதில்லை. கிட்டார் செய்கிற அம்மாவுக்கு கிட்டார் வாசிக்க வராது. ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு கட்டத்திலும் அழுத்தி மீட்டிப் பார்ப்பதோடு சரி.

பன்னிரண்டாவது மாஸ்டருக்கு. மாஸ்டர் நாற்பது வயதுக்காரர், இசைப் பள்ளியில் கிட்டார் சொல்லித் தருகிறவர். தன் வீட்டுக்குக் கதவு செய்யச் சொல்ல கம்பெனிக்கு வந்த இடத்தில், கீல் பொருத்தும் அம்மா கதவைத் தட்டிக் காது கொடுப்பதைப் பார்த்துப் பேச்சுக் கொடுத்தார். பேச்சு வளர்ந்து, பதினான்கு மாதத்துக்கு முன்னால் ஒரு கிட்டார் செய்யச் சொன்னார். அதோடு இன்னொன்றும் சொன்னார்: இது கைக்குப் பிடித்துவிட்டால் பள்ளிக்கு ஆறு கிட்டார் வேண்டும், பள்ளி நடத்துகிற பெரியவரிடம் நான் பேசிக்கொள்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. விரல் ஓடுகிற பலகை அசல் கருங்காலியாக இருக்க வேண்டும். போன கிட்டாரில் கருங்காலி என்று சொல்லிச் சாயம் ஏற்றிய வெள்ளை மரத்தை ஒட்டி யாரோ தலையில் கட்டிவிட்டார்கள். மேடையில், விளக்குச் சூட்டில், மூன்றாவது பாட்டிலேயே விரல்களெல்லாம் கறுப்பாகி, நெற்றியைத் துடைத்தபோது நெற்றியும் கறுப்பாகி, முன்வரிசை சிரித்துவிட்டது. மாஸ்டர் அன்றையிலிருந்து மேடைக்கு வெள்ளைச் சட்டை போடுவதில்லை. மற்ற நாட்களில் வெள்ளையைத் தவிர வேறு போடுவதில்லை.

ஆறு கிட்டாரை நம்பி கிட்டார்க்காரம்மா கம்பெனியில் அடுத்த மாதத்திலிருந்து அரை ஷிஃப்ட் போதும் என்று கேட்டுவிட்டார். திங்கட்கிழமை காலையில் உறுதியாகச் சொல்லிவிட வேண்டும் என்றார் சூப்பர்வைசர். சொன்னபிறகு முழு ஷிஃப்டுக்குத் திரும்ப முடியாது, அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும்.

கருங்காலி இருந்தது. நான்கு வருஷத்துக்கு முன்னால், ஒரு மாத வாடகையைக் கொடுத்து, கணவரிடம் விலையைப் பாதியாக்கிச் சொல்லி வாங்கிய துண்டு. தினம் நிறுத்து, எடை நின்று, தயாராக இருந்தது. போன சனிக்கிழமை அதில் காடி வெட்ட உட்கார்ந்தார். பித்தளைக் கம்பிகள் உட்காருகிற மெல்லிய வெட்டுகள்தான் காடி, பத்தொன்பது. எங்கெங்கே வெட்டுவது என்பதற்கு உலோகத்தில் ஓர் அளவுப் பட்டை உண்டு. அதைப் பலகையின் மேல் வைத்து ரம்பத்தை ஓட்ட வேண்டியதுதான். பட்டறையில் அப்படி இரண்டு பட்டைகள். ஒன்று வழக்கமான கிட்டாருக்கு, அறுநூற்று ஐம்பது மில்லிமீட்டர் தந்தி நீளம். இன்னொன்று சின்னக் கை உள்ளவர்களுக்கு, அறுநூற்று இருபத்தெட்டு. இரண்டும் ஒரே ஆணியில் தொங்கின.

பத்தொன்பது காடியையும் அவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தார். ஒரு மயிரிழைகூடக் கோணல் இல்லை. பலகையைக் கொண்டுபோய்க் கழுத்தின் மேல் வைத்துப் பார்த்தார். பன்னிரண்டாவது காடி கிட்டாரின் உடம்பு தொடங்குகிற விளிம்பில் சரியாக நிற்க வேண்டும். பதினொரு மில்லிமீட்டர் முன்னாலேயே நின்றது. கிட்டார்க்காரம்மா அதைப் பார்த்துக்கொண்டு நின்ற நேரத்தில் கணவர் ஒரு குளியல் போட்டு, தலை துவட்டி, சாப்பிட உட்கார்ந்து, "வர்றியாம்மா?" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். மூன்றாவது தடவை எழுந்து வந்து பார்த்தார். அவருக்குக் கிட்டார் தெரியாது. ஆனால் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி நிறுத்திவிட்டால் எப்படி இருக்கும் என்று தெரியும். விளக்கை மட்டும் அணைத்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை மரக்கடை. கடைக்காரருக்கு அறுபது வயது, எந்த மரத்துக்கும் விலையைச் சொல்வதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம். அவர் கருங்காலியை எடுத்து வைத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தவுடனேயே கிட்டார்க்காரம்மா அதைத் திரும்ப வைத்துவிட்டார். நான்கு வருஷத்தில் விலை எங்கேயோ போயிருந்தது. ஈட்டி மரமும் அப்படித்தான். தேக்கு இருந்தது, எண்ணெய் மரம், பசை நம்பிப் பிடிக்காது. வேறு என்ன இருக்கிறது என்று அடுக்கின் அடிவரை குனிந்து, பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்து, முகர்ந்து, நகத்தை அழுத்தி, முனையில் எச்சில் தொட்டு வைத்து அது எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். ரேகை நேராக ஓடினால் முட்டியால் தட்டிக் காது கொடுப்பார். கிளை முளைத்த கண் இருந்தால் தள்ளிவிடுவார். அவர் தள்ளியதையெல்லாம் கடைக்காரர் திரும்ப அடுக்கிக்கொண்டே வந்தார்.

"வெண்டைக்காய்னா முனையை ஒடிச்சுப் பாப்பீங்க. இதையும் ஒடிச்சுப் பாத்துடுங்க தங்கச்சி, மனசு ஆறும்."

"ஒடிச்சா வாங்கணும்னு சொல்லுவீங்க."

"ஒடிக்காமலே எத்தனை பேர் வாங்கிட்டுப் போறாங்க. உங்களுக்கு மட்டும் மரம் வாயைத் திறந்து ஜாதகம் சொல்லணும்."

கடைசியில் ஒரு வெளிர்பழுப்புப் பலகை தட்டினதற்குக் கணீரென்று பதில் சொன்னது. பேர் என்ன என்று கேட்டார். பேரெல்லாம் கேட்கக் கூடாது, கப்பலில் ஏதோ மெஷினுக்கு அடியில் முட்டுக்கொடுத்து வந்தது, விலை மட்டும் கேளுங்கள் என்றார் கடைக்காரர். சல்லிசுதான். காய்ந்ததா என்றதற்கு, காய்ந்து கருவாடாகிவிட்டது என்றார். அதை வாங்கிக்கொண்டு திரும்பும்போது அவர் மேசைக்கு அடியிலிருந்து இன்னொன்றை எடுத்து நீட்டினார். கன்னங்கரேலென்று, ரேகையே தெரியாமல், கையில் பட்டாக வழுக்கியது. வெள்ளை மரம்தான், அழுத்தத்தில் கறுப்பை உள்ளுக்குள்வரை ஏற்றியிருக்கிறார்கள், அறுத்தாலும் உள்ளே கறுப்புதான், ஈரமே கிடையாது, பாதிப் பேர் இதைத்தான் கருங்காலி என்று போடுகிறார்கள் என்று குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். விலை, பெயரில்லாத பலகையை விடக் கொஞ்சம்தான் கூட.

கிட்டார்க்காரம்மா கட்டைவிரலை நாக்கில் தொட்டுக் கறுப்புப் பலகையில் அழுத்தித் தேய்த்தார். விரலைப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. இன்னொரு தடவை தேய்த்தார். சுத்தமாகத்தான் இருந்தது. விரல் கறுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டையும் வாங்கிக்கொண்டு வந்தார்.

பெயரில்லாத பலகை திங்கள் காலையில் ஐந்து கிராம் குறைந்தது, செவ்வாய் காலையில் நான்கு, புதன் மூன்று. நிற்க இன்னும் மூன்று வாரமாவது ஆகும். மாஸ்டருக்குப் போன் செய்து தேதியைத் தள்ளலாம் என்று கணவர் சொன்னார். செய்திருப்பார், ஆனால் ஏற்கெனவே இரண்டு தடவை தள்ளியாகிவிட்டது, சூப்பர்வைசர் திங்கட்கிழமைக்கு மேல் நிற்கமாட்டார். கறுப்புப் பலகையோ தயாராக, ஒரு குறையும் சொல்ல முடியாமல், மேசையின் மேல் கிடந்தது. புதன் சாயங்காலம் கம்பெனியிலிருந்து வந்ததும் அதைக் கிட்டாரின் கழுத்தின் மேல் சும்மா வைத்துப் பார்த்தார். கோட்டும் சூட்டும் போட்ட மாதிரி இருந்தது கிட்டார்.

"அம்சமா இருக்கு" என்றார் கணவர். "இதுக்கு என்ன குறைச்சல்?"

"இது கருங்காலி இல்லைங்க."

"அது உனக்கும் எனக்கும் அந்தக் கண்ணாடிக்காரருக்கும்தான் தெரியும். நாமளா போய்ச் சொல்லப் போறோம்?"

கிட்டார்க்காரம்மா பலகையின் ஓரத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு சீவல் அறுத்தெடுத்தார். அதை ஒரு வெள்ளைக் கைக்குட்டையில் சுற்றினார். வியாழக்கிழமை காலையில் கணவர் சீருடையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, அந்தப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் வைத்து மேலே தட்டிவிட்டார். எட்டு மணி நேரம் எஞ்சின் சூட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவர் வேர்க்கிற வேர்வையில் ஒரு கிட்டார்க்காரர் ஒரு வருஷம் வேர்க்கிற வேர்வை வந்துவிடும் என்பது கிட்டார்க்காரம்மாவின் கணக்கு. கணவர் பொட்டலத்தைத் தடவிப் பார்த்து, "மந்திரிச்சதா?" என்று கேட்டார். "வெளியே எடுக்காதீங்க, ஷிஃப்ட் முடியறவரை" என்றார் இவர். கம்பெனியில் அன்று முழுக்க இரண்டு கதவுக்குக் கீலைத் தலைகீழாகப் பொருத்திப் பிறகு கழற்றினார். ஒன்பது வருஷத்தில் அப்படி ஆனதில்லை.

சாயங்காலம் கணவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிட்டது. இடது மார்பில், பையின் கீழ் ஓரத்தில், பெரிய காசு அளவுக்குக் கறுப்பு. டிப்போவில் எல்லோரும் பேனா கசிந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர், பேனா வைக்கிற அளவுக்கு என்ன எழுதுகிறாய் என்றும் கேட்டிருக்கிறார். சாயம் கைக்குட்டையின் நான்கு மடிப்பையும் தாண்டி வந்திருந்தது. கிட்டார்க்காரம்மா சட்டையை அவர் உடம்பில் இருக்கும்போதே பிடித்து விளக்குக்குக் கீழே இழுத்து, அந்தக் கறையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சந்தோஷமா?" என்றார் கணவர்.

"ஒரு வழியா."

ஆனால் இன்னும் இரண்டே நாள். கையில் காய்ந்த மரம் இல்லை. எழுந்து சமையலறைக்குப் போனார். நேரம் கெட்ட நேரத்தில் ஒரு தடவை நிறுத்துப் பார்த்தால் பெயரில்லாத பலகை மனம் மாறியிருக்குமோ என்னவோ. வழக்கம்போல முதலில் சாட்சியை எடுத்து மெஷினின் மேல் வைத்தார். முந்நூற்று எண்பத்தொன்று.

அதை எடுக்கவில்லை. அங்கேயே நின்றார். மெஷின் தானாக அணைந்துபோனது, பொத்தானை அழுத்தினார், கட்டை மேலே இருந்ததால் பூஜ்யம் காட்டியது. கட்டையைத் தூக்கினார். விரல் முட்டியால் தட்டினார். ஒன்பது வருஷமாகத் தினம் கையில் எடுத்த கட்டையை அவர் தட்டிப் பார்த்தது கம்பெனியில் சேர்ந்த முதல் வாரத்தில், ஒரே ஒரு தடவை. இடித்த கட்டிடம் ஒன்றிலிருந்து பழைய நிலைப்படிகள் வந்திருந்தன. பாய்லரில் போடுவதற்காக அறுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டு காலடியில் வந்து விழுந்தது. விழுந்த சத்தத்துக்காக எடுத்து வைத்துக்கொண்டார். எத்தனை வருஷம் எத்தனை பேர் மிதித்த படியோ. என்ன மரம் என்று அப்போதும் யாருக்கும் தெரியவில்லை.

நகத்தை அழுத்தினார். நகம்தான் வளைந்தது.

"சாட்சியையே அறுத்துட்டா அப்புறம் மெஷினை எதை வெச்சு நம்புவே?" என்று கணவர் பின்னாலிருந்து கேட்டார். நியாயமான கேள்விதான். இன்னொரு பயமும் இருந்தது: மாஸ்டர் கேட்டது கறுப்பு. இது பழுப்பும் சிவப்புமாக, பழைய செங்கல் நிறத்தில் இருந்தது. பார்த்தவுடனேயே தெரிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை லீவு சொன்னார். காலையில் ஒரு காந்தத்தைக் கட்டையின் மேல் இழுத்துக்கொண்டே போனார், உள்ளே ஆணி ஒடிந்து கிடக்கிறதா என்று. காந்தம் எங்கும் ஒட்டவில்லை. நிலைப்படியில் விரிசல் உள்ளே ஒளிந்திருக்கலாம், அதைக் காந்தம் சொல்லாது. இருக்கிற தடிமனுக்கு ஒரே ஒரு பலகைதான் தேறும். இழைப்புளியை வைத்து முதல் தள்ளு தள்ளினார். சுருள் சுருளாகச் சீவல் வந்தது. சீவலில் பென்சில் எண்கள் இருந்தன: முந்நூற்று எண்பத்தொன்று, முந்நூற்று எண்பத்திரண்டு, முந்நூற்று எண்பத்தொன்று. அவை மேசையிலிருந்து உருண்டு அவர் காலடியில் குவிந்தன. பழுப்புக்குக் கீழே காவிக்கும் சிவப்புக்கும் நடுவில் ஒரு நிறம் திறந்துகொண்டது. விரிசல் இல்லை. ஏழாவது கம்பி உட்கார வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஊசி முனையளவு ஒரு கறுப்புப் புள்ளி. அதை நகத்தால் நெம்பிப் பார்த்தார், அசையவில்லை, விட்டுவிட்டார்.

பட்டை மாட்டியிருக்கும் ஆணிக்கு முன்னால் வந்ததும் கணவரைக் கூப்பிட்டார். அவருக்கு அன்று மதிய ஷிஃப்ட்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

"நீயே படிச்சா என்ன?"

"போன தடவை நான்தான் படிச்சேன்."

கணவர் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்து, டிப்போ குரலில் அறிவித்தார்: "ரூட் நம்பர் ஆறு ஐம்பது. நடுவுல எங்கயும் நிக்காது." டேப்பை வைத்து அளந்து பார்க்கச் சொன்னார் இவர். அளந்தார். இன்னொரு தடவை என்றார். இன்னொரு தடவையும் அளந்தார். அதற்கப்புறம்தான் கிட்டார்க்காரம்மா ரம்பத்தை எடுத்தார். பன்னிரண்டாவது காடியை முதலில் வெட்டி, பலகையைக் கழுத்தின் மேல் வைத்து, அது உடம்பின் விளிம்பில் நிற்பதைப் பார்த்துவிட்டு மற்றப் பதினெட்டையும் வெட்டினார். மதியத்துக்குள் பசை தடவி, வரிசையாகப் பதினாறு கிளாம்ப் போட்டு இறுக்கிவிட்டு, அறைக்கு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குமேல் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் இறுக்கச் சொல்லும் கை. அதிகமாக இறுக்கினால் பசை முழுக்கப் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து பித்தளைக் கம்பிகளைத் தட்டி இறக்கி, முனைகளை அரத்தால் தேய்த்து, உப்புத்தாள் போட்டு, தந்திகளை மாட்டி முடித்தபோது மூன்றே முக்கால்.

மாஸ்டர் வெள்ளைச் சட்டையில் வந்தார். தண்ணீர் கொடுத்ததை வாங்கி ஒரு வாய் குடித்துக் கீழே வைத்துவிட்டுக் கிட்டாரை எடுத்தார். உடம்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார், துளைக்குள் பார்த்தார், கழுத்தின் பக்கம் வந்தார். அங்கே நின்றுவிட்டார்.

"கருங்காலின்னு பேசினோமேக்கா."

"பேசினோம். இருந்தது. நானே கெடுத்துட்டேன்" என்றார் கிட்டார்க்காரம்மா. சுவரில் தனியாக ஓர் ஆணியில் தொங்கிய கருங்காலியைக் காட்டி, சின்ன அளவுப் பட்டையை எடுத்து வெட்டிவிட்டதையும் பதினொரு மில்லிமீட்டரையும் சொன்னார். கடையில் கறுப்பாக ஒன்று கிடைத்ததையும் சொன்னார். "அதை ஒட்டியிருந்தா இன்னைக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது மாஸ்டர். இவர் சட்டைக்குத் தெரிஞ்சுடுச்சு."

கதவோரம் நின்றிருந்த கணவர் கொடியிலிருந்து சீருடையை எடுத்து வந்து, நீதிமன்றத்தில் காட்டுகிற மாதிரி விரித்துக் காட்டினார். இரண்டு தடவை துவைத்தும் போகாத கறை. மாஸ்டர் அதைப் பார்த்தார். சிரிப்பார் என்று கணவர் எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை.

"இது என்ன மரம்?"

"பேரு தெரியாது. ஒம்பது வருஷமா இதோட வெயிட்டு தெரியும்."

மாஸ்டர் உட்கார்ந்து சுருதி சேர்த்தார். சேர்ப்பதற்கே நிறைய நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு மேலிருந்து கீழே ஒவ்வொரு கட்டமாக இறங்கி வந்தார். கிட்டார்க்காரம்மா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, இடது கையை மட்டும் பார்த்தார். விரல் ஏழாவது பித்தளைக் கம்பிக்கு வந்ததும் நின்றது. அதே இடத்தை அழுத்தி இரண்டாம் தடவை மீட்டினார். மூன்றாம் தடவை. கிட்டார்க்காரம்மா அந்த ஊசிமுனைப் புள்ளியை நினைத்துக்கொண்டு மேசை விளிம்பை நகத்தால் அழுத்தினார். நான்காம் தடவை மீட்டியபோது மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். சத்தம் அறையைச் சுற்றி வந்து அடங்கும்வரை விரலை எடுக்கவில்லை. எடுத்தபோது வேறெங்கோ போய்விட்டார். ஒரு பாட்டு தொடங்கி, அது முடியாமலே இன்னொன்றாகி, குளிரூட்டி இல்லாத அந்தத் துவைக்கிற அறையில் அவர் நெற்றியிலும் கழுத்திலும் வேர்வை வழிந்து, விரல்கள் ஈரத்தில் பளபளக்க, தண்ணீர்த் தம்ளர் அப்படியே இருந்தது.

நிறுத்தியதும் இடது கையை விரித்து நான்கு விரல் நுனிகளையும் பார்த்தார். பிறகு அந்தக் கையை அப்படியே தன் வெள்ளைச் சட்டையின் மார்பில் வைத்து, மேலிருந்து கீழாக அழுத்தித் துடைத்தார். குனிந்து பார்த்தார். வேர்வை ஈரம் மட்டும் நான்கு கோடாக இருந்தது.

"மத்த ஆறுக்கும் இதே மரம்தானேக்கா?"

கணவர் மூச்சை விட்டது அறையில் எல்லோருக்கும் கேட்டது. கிட்டார்க்காரம்மா மட்டும் இன்னும் மேசை விளிம்பை விடவில்லை. இந்த மரம் இவ்வளவுதான் இருந்தது, இனிமேல் கிடைக்காது என்று சொன்னார். இன்னொரு மரத்தில் ஒரு துண்டு வாங்கி வைத்திருக்கிறேன், மீதி கடையில் இருக்கிறது, சத்தம் இதற்குச் சமமாக வரும், ஆனால் இன்னும் காயவில்லை என்றார்.

"எப்பக் காயும்?"

கிட்டார்க்காரம்மா சமையலறைக்குப் போய் எடை மெஷினை எடுத்துவந்து மேசையில் வைத்தார். பலகைக்கு அறுத்தது போகச் சாட்சியில் மிஞ்சியிருந்த மூன்று விரல் நீளத் துண்டைச் சீவல் குவியலிலிருந்து தேடி எடுத்து, தூசியை ஊதி, மெஷினின் நடுவில் வைத்தார். எண் நிலைக்கும்வரை மூன்று பேரும் காத்திருந்தார்கள். முப்பது. கிட்டார்க்காரம்மா காதிலிருந்து பென்சிலை எடுத்து, துண்டின் புதிதாய் இழைத்த முகத்தில், ஓரத்தை ஒட்டி, மற்ற எண்களுக்கு இடம் விட்டுச் சின்னதாக எழுதினார்.